நனைந்த துணிச் சப்பாத்து ஓர் இரவில் காயுமா?

கோணமலை நடையன்:

உவர்மலை மாஸ்டர் நம் நடைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எழுதிய அறிவுரையில் இப்படி ஒரு வாசகம் இருக்கிறது: "துணிச் சப்பாத்து பள்ளிக்கூட மைதானத்துக்கு உரியது. மலை ஏறப் போகிறவர்கள் கணுக்காலை மூடும் தடித்த தோல் சப்பாத்தை வாங்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் வீட்டில் இருப்பதே நல்லது." இதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திருகோணமலையில் பேருந்து ஏறி, ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று மாறி மாறி, நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவஸ்டனுக்குப் போகும் ஒரு மாணவனிடம், கையிலிருக்கும் பணம் முழுவதையும் தோல் சப்பாத்தில் போடு என்று சொல்வது பொறுப்பான அறிவுரை அல்ல. நைலோன் துணியில், தேயும் இடங்களில் மட்டும் ஸ்வேட் தோல் துண்டுகளை வைத்துத் தைத்த இன்றைய மலைச் சப்பாத்து, சோடி ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் இருக்கும். முழுத்தோல் சப்பாத்து ஒன்றரைக் கிலோவை எளிதாகத் தாண்டும். அந்த அரைக் கிலோவை முதுகில் சுமப்பது வேறு, ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைப்பது வேறு. 1969 இல் அமெரிக்காவில் சூல், கோல்ட்மன் என்ற இருவர் செய்த ஆய்வில், பாதத்தில் கட்டிய சுமையின் ஒவ்வொரு கிலோவுக்கும், நடக்கும் வேகத்தைப் பொறுத்து, உடலின் சொந்த எடையில் ஒரு கிலோவைக் கொண்டுசெல்வதைவிட 4 முதல் 6 மடங்கு வரை கூடுதலான சக்தி செலவாவது தெரியவந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, துணிச் சப்பாத்து நனைந்தால் ஓர் இரவில் காய்ந்துவிடும். தோல் சப்பாத்து நனைந்தால் அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் ஈரத்தோடுதான் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்கிறது?

உவர்மலை மாஸ்டர்:

தம்பி நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறார். நான் அதில் ஒரே ஒரு வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: "துணிச் சப்பாத்து நனைந்தால் ஓர் இரவில் காய்ந்துவிடும்." எந்த இரவில் காயும்? ஆடி மாதத்தில், உப்புவெளியில், கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் இரவில் காயலாம். ஆனால் நீங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகத் திட்டமிட்டிருப்பது தை மாதத்தில். வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று, நம் ஊரை நனைத்துவிட்டு உள்நாட்டுக்குப் போய் மோதும் உயர்நிலங்களில் முக்கியமானது நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு. அங்கே பகலிலேயே முகில் இறங்கி நிற்கும். இரவில் வெப்பநிலை குறையக் குறைய, காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவும் குறைந்து, ஈரப்பதன் நூற்றுக்கு நூறை நெருங்கிவிடும். ஏற்கெனவே நிரம்பிய காற்றுக்குள் உங்கள் சப்பாத்தின் நீர் எப்படிப் போகும்? கைக்குட்டைகூட அங்கே காயாது. நான் பல ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன்; இந்தப் பாடத்தை எனக்கே திருப்பிப் படிப்பிக்க வேண்டாம்.

கணுக்காலைப் பற்றித் தம்பி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

நிலாவெளிக்காரி:

நீங்கள் இருவரும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். மேல்துணிக்கும் உட்துணிக்கும் இடையில், நீரைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் கோர்-டெக்ஸ் போன்ற மென்சவ்வு வைத்துத் தைத்தது ஒரு வகை. சவ்வு எதுவும் இல்லாமல் துணி மட்டும் உள்ளது இன்னொரு வகை. முதல் வகை தூறலையும் புல்லில் நிற்கும் பனிநீரையும் தடுக்கும். ஆனால் ஓடையைக் கடக்கும்போது கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால், அதே சவ்வு அந்தத் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வியர்வை ஆவியாக வெளியேறுவதற்கு, உள்ளே சூடும் ஈரமும் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் அந்த வேறுபாடு பெரிது. எங்கள் காடுகளில் வெளியேயும் புழுக்கம் நிறைந்திருப்பதால் அது மிகவும் சிறிது. மேல்துணி ஊறிப்போனால் இன்னும் குறையும். சவ்வில்லாத வகையிலோ தண்ணீர் எளிதாக உள்ளே வரும், நடக்க நடக்க எளிதாக வெளியேயும் போகும்.

ஆகவே காயுமா காயாதா என்று சண்டை பிடிப்பதற்கு முன்னர், எந்தச் சப்பாத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை யாராவது முதலில் சொல்லுங்கள்.

கோணமலை நடையன்:

அக்காவின் விளக்கம் பயனுள்ளதுதான். ஆனால் இங்கே பேச்சு அதுவல்ல. மாஸ்டர் என் வாசகத்தைப் பொய் என்று சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

காற்று நிரம்பியிருக்கிறது, நீர் போக இடமில்லை என்கிறார். சப்பாத்தைக் காற்றில் தொங்கவிட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறவன் அல்லன் நான். நாடாவை முழுவதும் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளே இருக்கும் அடித்தாளை எடுத்துத் தனியே பிழிய வேண்டும். பிறகு காய்ந்த துவாயை உள்ளே திணித்து அமுக்கினால் நீரில் பெரும்பகுதி துவாய்க்கு வந்துவிடும். அதற்குப் பின்னர் பத்திரிகைத் தாளை இறுக்கி அடைத்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தாளை மாற்றி, மீண்டும் அடைத்துக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டும். இதில் காற்றின் ஈரப்பதனுக்கு என்ன வேலை? நீரைத் தாள் உறிஞ்சுகிறது.

இந்த முறை துணிக்குப் பலிப்பதற்கும் தோலுக்குப் பலிக்காததற்கும் காரணம் உண்டு. நைலோன் இழை சாதாரணக் காற்றிலிருந்து தன் எடையில் நூற்றுக்கு 4 பங்கு அளவு ஈரத்தைத்தான் ஏற்கும். பொலியெஸ்டர் அரைப் பங்குகூட ஏற்காது. நனைந்த துணியில் நீர் இழைகளுக்கு இடையில் நிற்கிறது, அமுக்கினால் வந்துவிடும். தோலில் அது இழைக்குள்ளேயே ஊறிவிடுகிறது. எத்தனை பத்திரிகையை அடைத்தாலும் மேற்பரப்பு மட்டுமே காயும். ஆகையால் மீண்டும் எழுதுகிறேன்: துணிச் சப்பாத்து ஓர் இரவில் காயும்.

கிண்ணியா சப்பாத்துப் பட்டறை:

தினமும் சப்பாத்தைப் பிரித்துப் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடையன் தம்பி இழையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் துணிச் சப்பாத்தில் தண்ணீர் தங்குவது துணியில் அல்ல. நாக்குக்குள்ளும் கணுக்காலைச் சுற்றிய கழுத்துக்குள்ளும் வைத்துத் தைத்திருக்கும் ஸ்பொன்ஜில்தான் அது தங்கும். மெத்தென்று இருக்கிறது என்று கடையில் எல்லோரும் அந்தக் கழுத்தைத்தான் அமுக்கிப் பார்த்து ஆசைப்படுகிறார்கள்; நனைந்தால் கடைசியாகக் காய்வதும் அதுதான். மழைக்குப் போகிறவர்கள் நாக்கு மெல்லியதாகவும் கழுத்தில் பஞ்சு குறைவாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே விலையில் இரண்டு துணிச் சப்பாத்துகள் இருந்தால், ஒன்று காலையில் காய்ந்திருக்கும், மற்றது காயாது. இந்த வேறுபாட்டை நீங்கள் இருவரும் பேசவில்லை.

உவர்மலை மாஸ்டர்:

பட்டறை நானா தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஸ்பொன்ஜ் காயாது. எனவே சப்பாத்தும் காயாது.

இனி நான் ஒரு கேள்வி கேட்கிறேன். சென்ற முறை குழுவாக நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரேக்குப் போயிருந்தபோது, இரண்டாம் நாள் காலையில், காலுறைக்கு மேல் பொலித்தீன் பையைக் கட்டி, அதற்கு மேல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தவர் யார்? அன்று உடன் வந்த பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஓர் இரவில் காய்ந்த சப்பாத்துக்குள் பொலித்தீன் பை எதற்கு? இதற்கு நேரடியாகப் பதில் எழுதட்டும். நைலோன் இழை, நூற்றுக்கு 4 பங்கு என்றெல்லாம் சுற்றிப் போக வேண்டாம்.

கோணமலை நடையன்:

இந்தக் கதையை மாஸ்டர் எழுப்புவார் என்று எனக்குத் தெரியும். எழுப்பியது நல்லது, அன்று நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் தங்கியிருந்த வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு திண்ணை இருந்தது. சொன்ன முறைப்படி துவாய்போட்டு அமுக்கி, தாள் அடைத்து, என் சப்பாத்தை அதில்தான் வைத்திருந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு அது அங்கே இல்லை. அதே இடத்தில் மாஸ்டரின் தோல் சப்பாத்து இருந்தது. என்னுடையது வெளித் தாழ்வாரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் கிடந்தது. யார் எடுத்து வைத்தார்கள் என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். அந்த மரியாதையை இப்போது எனக்கு எதிரான சாட்சியாகப் பயன்படுத்துவது எந்த வகை நியாயம்?

அது மட்டுமல்ல. ஓர் இரவு முழுவதும் நெருப்பருகே இருந்தும் மாஸ்டரின் சப்பாத்து காயவில்லை. மடியும் இடத்தில் தோல் வெடித்தது. ஈரத்தோல் சூட்டில் சுருங்கும், அடியை ஒட்டிய பசையும் இளகும் என்பது சப்பாத்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. பெரும் பணம் கொடுத்து வாங்கிய தோலை அடுப்பில் வைத்து வெடிக்கவைத்தவர், மற்றவர்களுக்குச் சப்பாத்து அறிவுரை எழுதுகிறார்.

உவர்மலை மாஸ்டர்:

உங்கள் சப்பாத்தை நான் தொடவில்லை. திண்ணையில் எல்லோருடைய பொருள்களும் இருந்தன; வீட்டுக்கார அம்மா விடியற்காலையில் அடுப்பு மூட்ட இடம் ஒதுக்கியிருக்கலாம். என் சப்பாத்தின் தோல் வெடிக்கவில்லை. மேலே மெழுகு உலர்ந்து கோடு விழுந்தது. அதற்கு மீண்டும் மெழுகு பூசி இன்றும் அணிகிறேன். உங்கள் துணிச் சப்பாத்து இப்போது எங்கே இருக்கிறது?

சீனக்குடா மாணவன்:

ஐயா, அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் தை மாதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதுவரை பாட்டா செருப்பில்தான் எல்லா இடமும் நடந்திருக்கிறேன். மலைச் சப்பாத்து வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அளவு எப்படித் தெரிவுசெய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வெருகல் அடியான்:

தம்பி, செருப்பு உமக்குப் போதும். செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, உகந்தை என்று நடந்து, குமண, யால காடுகளையும் கடந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை அடியார்களில் எத்தனையோ பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். தார் வீதியின் சூட்டையும் காட்டு முள்ளையும் தாங்கிய அந்தப் பாதங்களுக்கு நைலோனும் தெரியாது, தோலும் தெரியாது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரம். அதன் ஆயிரக்கணக்கான படிகளைக் கிழவிமார் செருப்போடும் வெறுங்காலோடும் ஏறி இறங்குவதை யாரும் போய்ப் பார்க்கலாம். நீங்கள் இருவரும் சப்பாத்துக்காக இப்படி மோதிக்கொள்வது மனவருத்தமாக இருக்கிறது.

கோணமலை நடையன்:

அடியான் ஐயா சொன்னது என் பக்கத்துக்கே வலிமை சேர்க்கிறது. பாதம் எவ்வளவு இலேசாகவும் சுதந்திரமாகவும் இருக்கிறதோ, நடை அவ்வளவு நன்றாக இருக்கும். வெறுங்கால் நனைந்தால் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது, துணி ஓர் இரவில் காய்கிறது, தோல் காய்வதேயில்லை.

உவர்மலை மாஸ்டர்:

இல்லை, அது என் பக்கத்துக்கு வலிமை. பிறந்தது முதல் வெறுங்காலோடு நடந்து கால் உரமேறியவர்கள் கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கரையோரச் சமநிலத்தில். பாசி பிடித்த பாறையில், முதுகில் 12 கிலோ சுமையோடு, அலுவலகக் கதிரையிலிருந்து எழுந்து வருகிறவருடைய கணுக்கால் அந்த உரத்தைப் பெறவில்லை. அதனால்தான் அதற்குத் தோலின் பிடி தேவைப்படுகிறது.

வெருகல் அடியான்:

நேர்த்திக்கடனுக்காக நடக்கிறவர்களின் பாதத்தை உங்கள் வாதத்துக்குச் சான்றாக இழுக்க வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது செருப்பு போதும் என்பதற்காக மட்டுமே. அதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை.

கோணமலை நடையன்:

கணுக்காலைப் பற்றி நான் எழுதவில்லை என்று மாஸ்டர் தொடக்கத்திலேயே குறைகூறினார். இப்போது எழுதுகிறேன். உயரமான கழுத்துள்ள சப்பாத்து சுளுக்கைத் தடுக்கும் என்பது பலரும் சோதிக்காமல் நம்பும் செய்தி. 1993 இல் வெளியான ஓர் ஆய்வில், கூடைப்பந்து விளையாடும் 622 கல்லூரி மாணவர்களைப் பிரித்து, சிலருக்கு உயரமான சப்பாத்தும் சிலருக்குத் தாழ்வான சப்பாத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். சுளுக்கு விழுந்த வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. சுளுக்கைத் தடுப்பது பயிற்சி பெற்ற தசையும், நிலத்தைப் பார்த்து வைக்கும் அடியும்.

துணிச் சப்பாத்து மைதானத்துக்கு உரியது என்கிறார் மாஸ்டர். எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955 இல், தம் 67 ஆவது வயதில், அப்பலாச்சியன் நடைபாதையின் 3,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். அவர் காலில் இருந்தது சாதாரண கென்வஸ் சப்பாத்து, தோளில் இருந்தது தாமே தைத்த ஒரு துணிப்பை. அவரிடம் போய் வீட்டில் இருங்கள் என்று மாஸ்டர் சொல்வாரா?

உவர்மலை மாஸ்டர்:

கூடைப்பந்து மைதானத்தில் பாறை இருக்கிறதா? வேர் இருக்கிறதா? முதுகில் பை இருந்ததா? மரப்பலகைத் தரையில் நடந்த ஆய்வைக் கொண்டுவந்து ரிவஸ்டன் பக்கத்து மினி உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்குக் காட்டுகிறீர்கள். 1969 ஆய்வையும் அப்படித்தான் பாதி மட்டும் சொன்னீர்கள். அதில் ஒவ்வொரு பாதத்திலும் 6 கிலோ சுமையைக் கட்டினார்கள் என்பதை ஏன் எழுதவில்லை? அவ்வளவு எடையுள்ள சப்பாத்தை உலகத்தில் யார் அணிகிறார்?

கேட்வுட் அம்மையாரின் மனவுறுதிக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அவருடைய பை மிகவும் இலேசானது. வழியில் பல சோடிச் சப்பாத்துகள் தேய்ந்து, மாற்றி மாற்றி அணிந்துதான் நடந்தார். மீமுரேயில் அடி கழன்றால் மாற்றுச் சோடி எந்தக் கடையில் வாங்குவீர்கள்? அது இருக்கட்டும். நான் கேட்டது பொலித்தீன் பையைப் பற்றி. காய்ந்ததா, காயவில்லையா?

கோணமலை நடையன்:

6 கிலோவைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 1986 இல் லெக், மகந்தி என்ற இருவர் சப்பாத்தின் எடையை முதுகுச் சுமையோடு நேரடியாக ஒப்பிட்டு, காலில் உள்ள எடைக்கு ஏறத்தாழ 6.4 மடங்கு சக்தி செலவாவதாக எழுதினார்கள். 100 கிராமை முதுகிலிருந்து குறைப்பதற்காகப் பல்துலக்கியின் கைப்பிடியை வெட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களே காலில் 500 கிராமைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பொலித்தீன் பைக்கு முன்னரே பதில் எழுதிவிட்டேன். திண்ணையில் இருந்திருந்தால் காய்ந்திருக்கும்.

நிலாவெளிக்காரி:

சீனக்குடாத் தம்பி கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. தம்பி, நான் சொல்கிறேன்.

கடைக்குப் பின்னேரத்தில் போங்கள். நாள் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் அதே காலுறையைக் கொண்டுபோய் அதோடு அணிந்து பாருங்கள். பருத்திக் காலுறை வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை உராய்ந்து கொப்புளம் போட வைக்கும். நாடாவை இறுக்கிக் கட்டிய பிறகு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். செருப்பிலேயே வளர்ந்த கால்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். பல வெளிநாட்டுச் சப்பாத்துகள் அந்த இடத்தில்தான் நெருக்கும். நீளம் கூடிய அளவை வாங்கி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், குதிக்கால் வழுக்கத் தொடங்கும். அகலமான வார்ப்பில், அதாவது அகலமான பாத அச்சில் செய்த, வேறொன்றைத் தேடுங்கள். பெண்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை: ஆண்களின் வார்ப்பைச் சிறிதாக்கி விற்பதால் குதிக்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஏறும்போது எல்லாச் சப்பாத்தும் நன்றாக இருக்கும். இறங்கும்போதுதான் விரல்நகம் முன்பக்கம் மோதும். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் சரிவில் அணிந்து சென்று, வேகமாக இறங்கிப் பாருங்கள். அங்கே விரல் இடித்தால் மலையில் நகம் கறுத்துவிடும். அடியைக் கையால் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. நாக்கின் இரு பக்கமும் மேல்வரை தைத்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டை நுழையும் முக்கிய வழி அது. அட்டைக் காலுறை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற இருவருக்கும்: சவ்வு உள்ளதா, இல்லாததா? மீண்டும் கேட்கிறேன்.

கிண்ணியா சப்பாத்துப் பட்டறை:

அக்கா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் மலைச் சப்பாத்துகளில் பெரும்பாலானவை நனைந்ததால் வரவில்லை, அடி கழன்றதால் வருகின்றன. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்த நல்ல சப்பாத்தைப் பல ஆண்டுகள் அலுமாரியில் வைத்துவிட்டு, பயணத்தன்று எடுத்து அணிவார்கள். சிறிது தூரத்திலேயே அடி பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நடு அடி பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்யப்பட்டிருந்தால், காற்றின் ஈரமும் சூடும் சேர்ந்து, அணியாமல் வைத்திருந்தாலும் அதைச் சிதைத்துவிடும். நம் கடற்கரை ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஈ.வி.ஏ. என்ற நுரையடிக்கு இந்த நோய் இல்லை; ஆனால் நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகிவிடும், கடும் சூட்டில் சுருங்கும். இலேசான துணிச் சப்பாத்துகளில் பெரும்பாலும் ஈ.வி.ஏ. தான் இருக்கிறது. ஆகவே புதிதாக வாங்கியதும் விளிம்பைச் சுற்றித் தடித்த நைலோன் நூலால் ஒரு தையல் போட்டுக்கொண்டால் அடி கழன்று விழாது.

கோணமலை நடையன்:

நானாவின் தொழிலறிவை மதிக்கிறேன், ஆனால் அந்தத் தையலை நான் ஏற்கமாட்டேன். விளிம்பைச் சுற்றி ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் நீர் புகும் வழியாகிறது. சவ்வு உள்ள சப்பாத்தானால் அந்தச் சவ்வையே துளைத்துவிடுவீர்கள்.

கிண்ணியா சப்பாத்துப் பட்டறை:

ஓர் இரவில் காய்ந்துவிடும் என்று சொல்கிறவருக்குத் துளை வழியாக வரும் தண்ணீரைப் பற்றி என்ன கவலை? அடி இல்லாமல் காய்ந்த சப்பாத்தை வைத்துக்கொண்டு எப்படி நடப்பீர்கள்? நான் தைத்துக் கொடுத்த சப்பாத்தோடு பிதுருதலாகலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் போய் வந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

கோணமலை நடையன்:

பிதுருதலாகல உச்சிக்கு வாகனத்தில் போகலாம் நானா, அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஹோட்டன் சமவெளிப் பாதை கிராமத்து ஒழுங்கையைவிடக் கடினமானது அல்ல. நான் பேசுவது நக்கிள்ஸ் மழையைப் பற்றி.

உவர்மலை மாஸ்டர்:

மாஸ்டர் பிழை, நானா பிழை, அடியான் ஐயா பிழை. தம்பி ஒருவர் மட்டும் சரி. இந்த மனப்போக்கோடுதான் அவர் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகிறார்.

பிடிமானத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1935 இல் அல்ப்ஸ் மலையில் தன் நண்பர்கள் 6 பேரைப் பறிகொடுத்த பிறகுதான், விட்டாலே பிரமானி என்ற இத்தாலியர் ஆழமான பற்கள் கொண்ட இறப்பர் அடியை உருவாக்கி 1937 இல் விபிரம் அடியாக வெளியிட்டார். மலைச் சப்பாத்து என்பது உயிரோடு தொடர்புடைய பொருள். எவ்வளவு விரைவாகக் காயும் என்பதை வைத்து அதைத் தெரிவுசெய்யக் கூடாது. அப்படித்தான் தெரிவுசெய்வேன் என்றால், அதையாவது நிரூபிக்க வேண்டும். நானும் என் தோல் சப்பாத்தைக் கொண்டுவருகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நீரில் அமிழ்த்தி, நிறுத்து, காலையில் மீண்டும் நிறுத்துப் பார்ப்போம்.

கோணமலை நடையன்:

அந்த விபிரம் அடி இன்று என் துணிச் சப்பாத்தின் கீழும் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை மாஸ்டர் கவனிக்கவில்லை. தோலுக்கும் பிடிமானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சோதனைக்கு நான் ஆயத்தம். வரும் வெள்ளிக்கிழமை இரவே என் வீட்டு விறாந்தையில் வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசும் தருகிறேன். ஊற வைக்காத நிலையில் ஒரு நிறை, ஊறிய பின் ஒரு நிறை, விடியற்காலை 6 மணிக்கு ஒரு நிறை.

உவர்மலை மாஸ்டர்:

உங்கள் விறாந்தை உட்துறைமுக வீதிக் காற்றில் இருக்கிறது; மேலே மின்விசிறியும் சுழல்கிறது. நான் முதலிலிருந்தே கேட்பது ரிவஸ்டனில், தை மாதத்தில், இரவில் காயுமா என்பது. சோதனை அங்கே நடக்க வேண்டும். விறாந்தையில் நடந்தால் நான் வரமாட்டேன்.

நிலாவெளிக்காரி:

சோதிக்கப்போகும் துணிச் சப்பாத்து சவ்வு உள்ளதா, இல்லாததா என்பதையாவது இப்போது எழுதுங்கள். சவ்வுள்ளதை வெளியிலிருந்து அமிழ்த்தினால் ஒரு விடை வரும், கழுத்து வழியாக நீர் ஊற்றினால் வேறொரு விடை வரும்.

கோணமலை நடையன்:

ரிவஸ்டனிலேயே வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. தாளும் துவாயும் பயன்படுத்த எனக்கு உரிமை இருக்க வேண்டும். அது என் முறையின் பகுதி. மாஸ்டர் விரும்பினால் அவரும் பயன்படுத்தலாம். இரண்டு சோடியும் ஒரே கூடாரத்துக்குள், அடுப்பிலிருந்து விலகி இருக்க வேண்டும். நிலாவெளி அக்கா அந்தக் கூடாரத்தைப் பூட்டித் திறப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். இரவில் யாரும் எந்தச் சப்பாத்தையும் தாழ்வாரத்துக்கு மாற்றக் கூடாது.

உவர்மலை மாஸ்டர்:

அந்தக் கடைசி வாசகத்தை நீங்கள் திரும்பப் பெறும்வரை நான் எந்தச் சோதனைக்கும் வருவதாக இல்லை.

கோணமலை நடையன்:

திரும்பப் பெற மாட்டேன். துவாய்க்கும் தாளுக்கும் சம்மதமா, இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள்.